சாக்குத் துணியில் ஒரு சாட்சியம்: சிலே நாட்டுத் தையல் குழுக்கள், 1974–1992

எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஊசி பிடித்த பெண்கள் ஆட்சியாளர்களை எதிர்த்து நின்ற கதைகள் பல நாடுகளில் உண்டு. அவை நமக்குப் பெரும்பாலும் பாராட்டுரையாகவே வந்து சேர்கின்றன. கொடுமை நடந்தது, பெண்கள் தைத்தார்கள், உலகம் விழித்தது என்று மூன்றே வரியில் முடிந்துவிடும். தைத்த துணியை யார் காசு கொடுத்து வாங்கினார்கள், எல்லைக்கு வெளியே யார் கொண்டுபோனார்கள், பிடிபட்டால் என்ன செய்வதென்று யார் முன்கூட்டி யோசித்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது. குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

சிலே தலைநகர் சாந்தியாகோவில் 1974 முதல் 1992 வரை நடந்த தையல் குழுக்களில் இவற்றுக்கு ஓரளவு விடை கிடைக்கிறது. அங்கே தைக்கப்பட்ட துணிப்படத்துக்கு அர்பியேரா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சாக்குத் துணி, அவ்வளவுதான். தைத்த பெண்கள் துணியில் பெயர் போடவில்லை. இந்தப் பதிவிலும் அவர்கள் பெயரில்லாமலே வருகிறார்கள்.

பின்னணி

1973 செப்டம்பர் 11 அன்று சிலே ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. குடியரசுத் தலைவரின் லா மொனேதா மாளிகைமீது விமானங்கள் குண்டு வீசின. மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் சால்வதோர் அயெந்தே அன்றே அங்கே இறந்தார். தளபதி அகுஸ்தோ பினோசே தலைமையில் வந்த ஆட்சி நாடாளுமன்றத்தை மூடியது, இடதுசாரிக் கட்சிகளைத் தடை செய்தது, ஊரடங்கு போட்டது. தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், விவசாயிகள், கட்சி ஊழியர்கள் எனப் பலரை வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் பிடித்துப் போனார்கள். சிலர் திரும்பினார்கள், சிலருடைய உடல் கிடைத்தது. மற்றவர்களைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சாதித்தது.

இவர்களை அங்கே ‘கைதாகிக் காணாமல் போனோர்’ என்றார்கள். கைது என்ற சொல்லை விடக்கூடாது என்பதில் குடும்பங்கள் பிடிவாதமாக இருந்தன. தானாகத் தொலைந்துபோனவனுக்கும் பிடித்துப் போய்த் தொலைக்கப்பட்டவனுக்கும் வித்தியாசம் உண்டல்லவா. ‘காணாமல் போனோர்’ வேண்டாம், ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்லுங்கள் என்று ஈழத்துத் தாய்மார் வாதாடியதும் இதே காரணத்தால்தான். அந்தச் சொல்லையே நானும் இங்கே பயன்படுத்துகிறேன்.

1973 அக்டோபரில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகளும் யூத சமூகத்தினரும் சேர்ந்து அமைதிக்கான ஒரு கூட்டுக் குழுவை அமைத்தார்கள். கைதானவர்களைத் தேடுவதும், ஆட்கொணர்வு மனு போடுவதும், வேலை இழந்தவர்களுக்கு உதவுவதும் அதன் வேலை. மனுக்கள் ஆயிரக்கணக்கில் போயின. விரல்விட்டு எண்ணக்கூடியவை தவிர அத்தனையும் தள்ளுபடி.

குழுவின் வாசலில் கண்டது

அந்த அலுவலகத்துக்கு வந்த பெண்களுக்குத் தினமும் ஒரே சுற்று. காலையில் சிறைவாசல், அங்கிருந்து மருத்துவமனை, பிணவறை, அமைச்சகம், கடைசியில் இந்த வாசல். எல்லாரும் இதே பாதையில் நடந்ததால் முகங்கள் பழகிவிட்டன. மனு எழுதிக் கொடுத்த பிறகும் பலர் எழுந்து போகவில்லை. போக வேறிடம் இல்லை. அக்கம்பக்கத்தினர் பேசப் பயந்தார்கள். உறவினர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கூடவே பசி. சம்பாதித்தவர் காணவில்லை, அரசியல் முத்திரை விழுந்த குடும்பத்துப் பெண்ணை வேலைக்கு எடுக்க ஆளில்லை. 1975இல் ஆட்சி திடீரெனப் புகுத்திய கடும் பொருளாதாரக் கொள்கைகளால் ஆலைகள் மூடின, நகரின் விளிம்பில் இருந்த குடிசைப் பகுதிகளில் வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியது. ஆக, வந்து நின்றவர்கள் இரண்டு வகை: ஆளைத் தேடியவர்கள், அடுப்பெரிய வழி தேடியவர்கள். பலருக்கு இரண்டும் இருந்தன. வழக்கறிஞர் முதல் வகைக்கு மனு எழுதலாம். இரண்டாவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

முதல் முடிவு: தையல், அதுவும் சாக்கில்

1974இல் முதல் தையல் பட்டறை ஆரம்பமானது. அப்போது யாரும் அதைப் போராட்டம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. கைக்கு வேலை, வீட்டுக்குக் கொஞ்சம் காசு, ஒன்றாக உட்கார ஓரிடம் என்ற அளவில்தான் எண்ணம்.

முன்மாதிரி நாட்டிலேயே இருந்தது. பாடகி வியோலெத்தா பார்ரா சாக்குத் துணியில் கம்பளி நூலால் படம் தைப்பவர். 1964இல் பாரிஸ் லூவர் மாளிகையின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய துணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இஸ்லா நெக்ரா என்ற கடலோர ஊரின் பெண்களும் கம்பளிப் பூவேலைக்குப் பெயர் பெற்றவர்கள். ஆனால் துணி முழுவதையும் நூலால் நிரப்ப வேண்டுமென்றால் நூலுக்குக் காசு வேண்டும், நாளும் ஆகும். வெட்டுத் துணிகளை ஒட்டித் தைத்தால் இரண்டும் மிச்சம். அப்படித்தான் அர்பியேரா பூவேலையிலிருந்து பிரிந்து ஒட்டுத் துணிப் படமானது. மாவுச் சாக்கு அடித்துணி. வீட்டில் கிழிந்த உடைகள் மேல்துணி. முதலீடென்று சொன்னால் ஊசியும் நூலும்தான்.

பின்னால் பெரிதாக உதவிய இன்னொன்றும் இதில் இருந்தது: பெண்கள் தைப்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை. பெண்ணின் இடம் வீடு, தாய்மை, கைவேலை என்று ஆட்சியே மேடைதோறும் சொல்லிக்கொண்டிருந்தது. பினோசேயின் மனைவி தலைமையில் நாடு முழுவதும் தாய்மார் மையங்கள் நடந்தன. அங்கேயும் கைவேலைதான் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து ஆண்கள் ஓர் அறையில் கூடினால் சதி என்பவர்கள், இருபது பெண்கள் மாதா கோவில் கூடத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதைத் திட்டமிட்ட தந்திரமாகக் காட்டும் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தற்செயலாகக் கிடைத்த மறைவை அவர்கள் பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் நடப்புக்குப் பொருந்துகிறது.

ஒரு துணியை மடியில் விரித்தால்

பெரிய துணி அல்ல. மடியில் விரித்தால் இரண்டு தொடைக்கும் சரியாக இருக்கும். சாக்கைப் பிரித்து, துவைத்து, காயவைத்து வெட்டினால் ஒரு சாக்கில் சில துண்டுகள் தேறும்.

முதலில் மலை. பழுப்பும் பச்சையும் சாம்பலுமாக முக்கோணத் துண்டுகளை மேல்பாதியில் வரிசையாக வைத்து ஓரத்தை மடித்துத் தைப்பார்கள். சாந்தியாகோவில் கிழக்கே திரும்பினால் ஆண்டீஸ் மலைதான். அதனால் துணியில் மலை இருந்தால் இடம் எதுவென்று எழுதவே வேண்டாம். மலைக்கு மேலே பெரும்பாலும் ஒரு மஞ்சள் சூரியன். கீழே வீடுகள், தெரு, மரம். இவையெல்லாம் தைத்து முடிந்த பிறகே மனிதர்கள் வருவார்கள். துணியைச் சுருட்டி, உள்ளே கொஞ்சம் அடைத்து, சுண்டுவிரல் உயரத்துக்குப் பொம்மை செய்து படத்தின்மேல் தைத்து நிறுத்துவார்கள். தலைமுடிக்குக் கறுப்புக் கம்பளி நூல். தங்கள் முடியையே வெட்டி வைத்தவர்களும் உண்டு. துடைப்பத்துக்குத் தீக்குச்சி. வெட்டிய ஓரங்களில் காஜா எடுப்பதுபோல நெருக்கமான தையல். கடைசியில் நாலு பக்கமும் கம்பளி நூலில் குரோஷா பின்னி முடிப்பார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிப் பிள்ளை வரைந்த படம் மாதிரி பளிச்சென்றிருக்கும். கிட்டே போனால்தான் விஷயம் தெரியும். பூட்டிய ஆலைக் கதவின் முன்னால் கை தொங்க நிற்கும் ஆண்கள். தெருக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு கரண்ட் எடுக்கும் குடிசைகள். தண்ணீர் வராத குழாய். நம் ஊர்க் கஞ்சித் தொட்டி போல, தெரு மொத்தத்துக்கும் ஒரே அண்டாவில் சமைக்கும் பெண்கள். சிறைவாசலில் நிற்கும் வரிசை. ஒரு சுவர், அதில் நூலால் எழுதிய ஒரே கேள்வி: எங்கே இருக்கிறார்கள்?

ஆளைத் தேடியவர்களின் துணிகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. குடிசைப் பகுதிக் குழுக்களின் துணிகளில் அண்டாவும் குழாயும் அதிகம். காணாமல் ஆக்கப்பட்டவரின் சட்டை அல்லது கால்சட்டையிலிருந்தே சில துண்டுகளை வெட்டி வைத்ததாக அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். வாங்குகிறவர் கண்ணுக்கு அது ஒரு நீலத் துண்டு, அவ்வளவுதான். அந்தச் சட்டையை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்த இரவைப் பற்றித் துணியில் எந்த அடையாளமும் இருக்காது.

துணியைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருக்கும். அதற்குள் மடித்த காகிதம். படத்தில் நடப்பது என்னவென்று கையால் எழுதிய இரண்டு மூன்று வரி. எல்லாத் துணியிலும் இது இல்லை, ஆனால் பலவற்றில் உண்டு.

காசு, அளவு, தரம்

பட்டறைகள் பெருகியபோது நடைமுறை வேண்டியிருந்தது. பெண்கள் வாரத்தில் சில நாள் தேவாலயக் கூடங்களில் கூடி, எதைத் தைப்பது என்று பேசி முடிவு செய்வார்கள். தைப்பது பாதி அங்கே, பாதி வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு. முடிந்த துணிகளைத் திருச்சபையின் அலுவலகம் மொத்தமாக வாங்கிக் காசு கொடுக்கும். ஒரு பகுதி குழுவின் பொது நிதிக்குப் போகும். யாருக்காவது காய்ச்சல், பிள்ளைக்குச் செருப்பு என்றால் அதிலிருந்து எடுப்பார்கள். ஆளுக்கு இத்தனை துணிதான் என்று அளவும் வைத்தார்கள்.

அந்த அளவு ஏன் என்பது கவனிக்கத்தக்கது. விரைவாகத் தைக்கிறவர் நிறையக் கொடுத்தால் கை மெதுவானவர், மனம் உடைந்தவர் பின்தங்கிவிடுவார். வேலை வந்தது வருமானத்துக்கு மட்டுமாக இருந்திருந்தால் வேகத்துக்குப் பரிசு கொடுத்திருக்கலாம். இங்கே குழுவில் இருப்பதே மருந்தாக இருந்தது. அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு. தையல் குழு நடத்தும் யாருக்கும் தெரியும், இந்த விதியைக் காப்பாற்றுவது எத்தனை கஷ்டம் என்று.

தரம் பார்த்தே வாங்கினார்கள். பிரிந்த ஓரமும் அழுக்கும் இருந்தால் துணி திரும்பி வரும். விற்பனைக்கு அது தேவைதான். ஆனால் வாங்குகிறவர் கை தைக்கிறவர் கைக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். அதன் விளைவு பின்னால் வருகிறது.

இரண்டாம் முடிவு: குடையை மாற்றியது

1975 இறுதியில் பினோசேயின் நெருக்குதலால் கூட்டுக் குழு மூடப்பட்டது. பட்டறைகள் அத்தோடு கலைந்திருக்க வேண்டும். சாந்தியாகோவின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் ராவுல் சில்வா என்ரிகெஸ் வேறு வழி எடுத்தார். 1976 ஜனவரி 1 முதல் அதே பணிகளை ‘ஒருமைப்பாட்டு விக்காரியா’ என்ற பெயரில் தம் மறைமாவட்டத்தின் ஓர் அங்கமாகவே ஆக்கிவிட்டார். அலுவலகம் நகர மையச் சதுக்கத்தில், பேராலயத்தை ஒட்டி.

முன்பு இருந்தது பலர் சேர்ந்த ஓர் அமைப்பு; அதைக் கலைக்கச் சொல்லி அரசு நெருக்கலாம். இப்போது இருப்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகப் பிரிவு. அதன்மேல் கைவைப்பது ரோமோடு மோதுவதாகும். தன்னைக் கிறிஸ்தவ நாகரிகத்தின் காவலனென்று சொல்லிக்கொண்ட ஆட்சிக்கு அது சங்கடம். பணியாளர்கள் கைதானார்கள், மிரட்டப்பட்டார்கள். என்றாலும் அலுவலகத்தை மூட முடியவில்லை. 1978இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பரிசு விக்காரியாவுக்குக் கிடைத்தது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது எது என்று கேட்டால் இந்தப் பெயர் மாற்றத்தைத்தான் சொல்வேன். ஊசி இல்லாமலும் ஏதாவது ஒரு கைவேலை கிடைத்திருக்கும். கூரை இல்லாமல் ஒரு மாதம் தாண்டியிருக்காது.

வெளியே போன வழி

உள்நாட்டில் பகிரங்கமாக விற்க முடியாது. துணிகள் திருச்சபைத் தொடர்புகள், வெளிநாட்டுப் பயணிகள், தூதரக நண்பர்கள் மூலம் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போயின. அங்கே நாடு கடந்து வாழ்ந்த சிலேக்காரர்களும், ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகளும், தேவாலயக் குழுக்களும் வாங்கி விற்றார்கள். வாங்கியவர் வீட்டுச் சுவரில் மாட்டினார். வந்தவர் இது என்ன என்று கேட்டார். வீட்டுக்காரர் பின்பக்கக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். பத்திரிகைத் தணிக்கை இருந்த நாட்டிலிருந்து செய்தி போன வழிகளில் இதுவும் ஒன்று. புகைப்படம் என்றால் சுங்கத்தில் பிடிப்பார்கள், கடிதம் என்றால் பிரிப்பார்கள். சாக்குத் துணியில் தைத்த பொம்மைப் படத்தைப் பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை.

உள்ளூரில் துணியைக் கொண்டுபோகும்போதுதான் ஆபத்து அதிகம். உடைக்குள் மறைத்து எடுத்துப் போவார்கள். தேடுதல் வருகிறது என்று தெரிந்தால் ஒளித்துவைப்பார்கள் அல்லது எரித்துவிடுவார்கள்.

1978: சுண்ணாம்புக் காளவாய்

1978 நவம்பர் கடைசியில் சாந்தியாகோவுக்குத் தென்மேற்கே லோன்கேன் என்ற இடத்தில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாய்க்குள் 15 ஆண்களின் உடல்கள் கிடைத்தன. தகவல் விக்காரியாவுக்குத்தான் முதலில் வந்தது. அவர்கள் தக்க சாட்சிகளோடு நேரில் போய்ப் பார்த்த பிறகே நீதிமன்றத்துக்குச் சொன்னார்கள். இறந்தவர்கள் 1973 அக்டோபரில் இஸ்லா தெ மைப்போ என்ற ஊரில் காவல்துறை பிடித்துப் போனவர்கள். பதினைந்தில் பதினொருவர் மூன்றே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்; ஒரு வீட்டில் தகப்பனும் நான்கு மகன்களும்.

அதுவரை ‘அப்படி யாரும் கைதாகவே இல்லை’ என்றிருந்தது அரசின் வாதம். காளவாய் அதை உடைத்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் ஆட்சி ஒரு பொதுமன்னிப்பு ஆணை பிறப்பித்திருந்தது. 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களுக்கு அது பொருந்தும். குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் அதன்கீழ் விடுபட்டார்கள். 1979இல் இறுதிச் சடங்குக்காகக் குடும்பங்கள் தேவாலயத்தில் காத்திருக்க, உடல்களைத் தராமல் ஊர் இடுகாட்டின் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். 1980இல் காளவாயையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

தையல் குழுக்களில் அதன்பின் காளவாய் ஒரு படமானது: இரண்டு சாம்பல் நிறக் கூம்புகள், முன்னால் பூவோடு நிற்கும் பொம்மைகள். தகர்த்த கட்டடம் துணியில் நின்றது. 1978 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரும் தாய்மாரும் சாந்தியாகோ அரங்கம் ஒன்றில் நாட்டின் ஜோடி நடனமான குவேக்காவைத் தனியாக ஆடினார்கள். எதிரில் ஜோடி இல்லை. அதுவும் துணிக்கு வந்தது: வெள்ளைக் கைக்குட்டையோடு ஒரே ஒரு பொம்மை, கொஞ்சம் தள்ளி வெற்றிடம். மறுவருடம் ஆட்சி இதே குவேக்காவைத் தேசிய நடனமாக அறிவித்தது!

ஆட்சி கவனித்தபோது

சிறு கைவேலை என்ற மறைவு நிரந்தரமாக இருக்கவில்லை. 1977இல் சாந்தியாகோவில் அர்பியேராக்களைக் காட்சிக்கு வைத்திருந்த ஒரு கலைக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பிய பொதிகள் பிடிபட்டன. ஆட்சி சார்புப் பத்திரிகைகள் இவற்றை நாட்டை அவதூறு செய்யும் துணிகள் என்று எழுதின. சிலேயில் அர்பியேரா என்ன என்று தெரியாதவர்களுக்கும் அதன்பின் தெரிந்துவிட்டது. அந்த வகையில் அது விளம்பரமாகவும் போயிற்று.

குழுக்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டன. சிலர் ராணுவ உடுப்பையும் துப்பாக்கியையும் படத்திலிருந்து எடுத்தார்கள், சிலர் அப்படியே தைத்தார்கள். விக்காரியா ஊழியர்களும் மிக வெளிப்படையான படங்களை வாங்கத் தயங்கியதுண்டு. ஒரு துணியால் மொத்தப் பட்டறையும் போய்விடக்கூடாது என்ற கணக்கு. தைத்தவர்களில் பலர் இதனால் மனம் கசந்தார்கள். இரு தரப்பும் சொன்னதில் நியாயம் உண்டு.

வீட்டுக்குள்

ஆரம்பத்தில் கணவன்மார் பலர் எதிர்த்தார்கள். வேலை போன ஆண் வீட்டில் உட்கார்ந்திருக்க, மனைவி வெளியே கூட்டத்துக்குப் போய்க் காசு கொண்டுவருவது அவர்களுக்கு உறுத்தியது. சில வீடுகளில் அடிதடி. சில வீடுகளில் மெல்ல மாறி, கணவனே இரவில் துணி வெட்டிக் கொடுத்ததும் உண்டு. பெண்கள் கூட்டம் நடத்த, கணக்கு எழுத, எதிர்த்துப் பேசக் கற்றார்கள். 1983 மே முதல் எழுந்த தேசியப் போராட்டங்களிலும் தெருவில் இறங்கினார்கள். கைவேலைப் பட்டறை பற்றிய கணக்கறிக்கைகளில் இந்த வரவு ஏறுவதில்லை.

விளைவு

ஆட்சியைத் தையல் கவிழ்க்கவில்லை. 1982இல் பொருளாதாரம் சரிந்தது, அடுத்த ஆண்டு தெருப்போராட்டம், கட்சிகள் ஒன்றுசேர்ந்தது, பினோசே ஆட்சியில் நீடிக்கலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றது என்று காரணங்கள் பல. அர்பியேரா செய்தது வேறு: மறுக்கப்பட்டதைப் பதினைந்து வருடம் பலர் கண்ணில் படும்படி வைத்திருந்தது, அந்த வருடங்களில் பல வீட்டு அடுப்பை எரியவைத்தது.

1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பியது; விக்காரியா 1992இல் மூடப்பட்டது. அதன் ஆவணங்கள் உண்மை கண்டறியும் ஆணையத்துக்கு அடிப்படையாக அமைந்தன. தையல் குழுக்களுக்கோ அது கெட்ட காலம். ஆட்சி போய்விட்டதால் வெளிநாட்டு ஆதரவாளர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். எஞ்சிய விற்பனை சுற்றுலாப் பயணிகளுக்கு. அவர்களுக்குச் சந்தோஷமான கிராமக் காட்சி போதும். அறுவடை, சந்தை, ஆட்டுக்குட்டி. மலையும் சூரியனும் அப்படியே இருந்தன, சிறைவாசல் போய்விட்டது. காசு தேவைப்பட்டதால் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2010இல் சாந்தியாகோவில் திறந்த நினைவு மற்றும் மனித உரிமைகள் அருங்காட்சியகத்தில் பழைய துணிகள் இப்போது இருக்கின்றன. பெரு, பிரேசில், வட அயர்லாந்து என்று இந்த முறை பரவியது. பிரேசிலில் அணைகளால் ஊரிழந்த பெண்கள் இதே சாக்குத் துணியில் தைக்கிறார்கள். 2023இல் சிலே அரசு காணாமல் ஆக்கப்பட்டோருக்கான தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தபோது பட்டியலில் இருந்தவர்கள் 1,469 பேர். அவர்களில் அதுவரை அடையாளம் காணப்பட்டவர்கள் 307.

மறுபடி செய்வதானால்

ஒரே வாங்குபவரை நம்பியது முதல் பலவீனம். எண்பதுகளின் நடுவிலேயே ஆட்சி மாறினால் விற்பனை என்னாகும் என்று பேசியிருக்க வேண்டும். போராட்டப் பொருளுக்குக் கிடைக்கும் சந்தை, போராட்டம் இருக்கும்வரைதான். குழுக்களுக்குச் சொந்தமாக விற்கும் வழி ஒன்றும், வேறு தையல் வேலை ஒன்றும் கையில் இருந்திருந்தால் 1992 இவ்வளவு அடித்திருக்காது.

பெயர் விஷயம் சிக்கலானது. 1912இல் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்த வாக்குரிமைப் போராளிகள் கைக்குட்டையில் தங்கள் கையெழுத்தையே நூலால் தைத்தார்கள். அவர்கள் ஏற்கெனவே சிறையில் இருந்ததால் மறைக்க ஒன்றுமில்லை. சாந்தியாகோவில் பெயர் போட்டிருந்தால் வீடு தேடி வந்திருப்பார்கள். பெயரில்லாமல் விட்டது சரியான முடிவுதான். ஆனால் எந்தத் துணி யாருடையது என்று ஒரு பதிவேட்டை எழுதி நாட்டுக்கு வெளியே பத்திரமாக வைத்திருக்கலாம். இல்லாததால் இன்று அருங்காட்சியக அட்டைகளில் பெரும்பாலும் ‘பெயர் தெரியாதவர்’ என்றுதான் இருக்கிறது.

குழுவுக்கு ஒரு துணியாவது என்று உள்நாட்டில் எடுத்துவைத்திருக்க வேண்டும். நல்லவை எல்லாம் கடல் கடந்து போயின. பல துணிகள் இன்னும் அன்னியர் வீட்டுச் சுவர்களில்தான் இருக்கின்றன.

பின்பக்கப் பையிலிருந்த காகிதம் இன்னொன்று. வாங்கியவர் சட்டம் போட்டு மாட்டியதும் பின்பக்கம் மறைந்துவிடும். கை மாறும்போது காகிதம் உதிர்ந்துபோகும். அந்த இரண்டு வரியை ஒரு வெள்ளைத் துணித் துண்டில் மையால் எழுதி, படத்தின் அடியோரத்தில் குரோஷா பின்னுவதற்கு முன் சேர்த்துத் தைத்திருக்கலாம். துணி இருக்கும்வரை அதுவும் இருந்திருக்கும்.